ஆடைத் தொழிலும் நம் ஊர்ப் பெண்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களின் நூற்பாலைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் நமது மாநிலத்தின் வறண்ட வட்டாரங்களிலிருந்து இளம்பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர். மழை பொய்த்த ஊர்களில் அவர்களுடைய சம்பாத்தியமே பல குடும்பங்களைத் தாங்குகிறது. ஆகவே இத்தொழிலின் வேலை நிலைமை எவ்வாறு இருந்தது, எதனால் மாறியது என்பதைக் கிராம மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நியூயார்க் நகரில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் அது இயங்கி வந்தது. ஒன்பதாம் மாடியில் வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. துணி களவு போகாதிருக்கச் செய்த ஏற்பாடாம் அது! தீயணைப்புப் படையினரின் ஏணியோ ஆறாம் மாடி வரையே எட்டிற்று. மாண்டவர் 146 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்பு நாடிக் குடியேறிய குடும்பங்களின் இளம்பெண்கள். பாதுகாப்பும் குறைந்த வேலை நேரமும் கேட்டு அந்நகரின் தையல் தொழிலாளர் 1909இலேயே வேலைநிறுத்தம் செய்திருந்தனர். தீக்குப் பின்னரே அரசு விசாரணைக் குழு அமைத்தது. பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. அக்கொடுமையை நேரில் கண்ட பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்னும் அம்மையார் 1933இல் அந்நாட்டின் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றார்.

நூறாண்டு கழிந்தும் இந்நிலை முற்றும் மாறியதாகச் சொல்வதற்கில்லை. வங்காளதேசத்தில் டாக்கா நகருக்கு அருகில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து, 1,100க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். விரிசல் இரு சாராருக்கும் ஒன்றுதான். வரமாட்டேன் என்று சொல்லும் வலிமை மட்டும் தையல் தொழிலாளரிடம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருப்பூரில் 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் உள்ளூரில் குடியிருந்தவர்கள், ஒன்றுகூட முடிந்தது. பிற்காலத்தில் நூற்பாலைகளில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ வேறு விதமானது. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்பது பேச்சு. பெயரின் மங்கலத்தில் பெற்றோர் மயங்கினர். அத்தொகை பெரும்பாலும் பெண்ணின் மாதக் கூலியிலேயே நிறுத்தி வைத்த பணம். உடல்நலம் குன்றி இடையில் திரும்பிய பலர் அதனை இழந்தனர். விடுதியை விட்டு வெளியே செல்லவும் வீட்டாருடன் பேசவும் பல இடங்களில் கட்டுப்பாடு இருந்தது. இதுவும் ஒருவகைப் பூட்டிய கதவேயாகும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2021இல் ஆடைத் தொழிலாளியான இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அதன் பின்னர், பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில் ஆடை நிறுவனத்துடனும் வெளிநாட்டுக் கொள்முதலாளருடனும் கட்டுப்படுத்தும் உடன்பாடு கண்டது. தொழிலாளப் பெண்களே பயிற்சி பெற்றுத் தொல்லைகளைக் கண்காணிப்பது அதன் சிறப்பு. வெளியிலிருந்து எப்போதோ வரும் பரிசோதகரை விட, உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு உண்மை தெரியும் என்பது நமது கருத்து.

தரகர் ஊருக்குள் வந்து மொத்தத் தொகை பற்றிப் பேசினால், மாதச் சம்பளம் எவ்வளவு, அது பெண்ணின் பெயரில் வங்கியில் விழுமா என்றே முதலில் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். மிகை நேர வேலைக்குக் கூலி இரு மடங்கு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பெண்களுக்கான உதவி எண் 181, சிறுவர் சிறுமியருக்கு 1098. இவற்றைப் பெண்கள் புறப்படுமுன் மனப்பாடம் செய்துகொள்வது நலம், ஏனெனில் விடுதியில் கைப்பேசி கையில் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

மே 1 அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வெளியூர் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், மாதந்தோறும் கூலி பெறுகின்றனரா என்பதை மகளிர் சுயஉதவிக் குழுவினர் பெற்றோரிடம் முன்கூட்டியே விசாரித்து, அக்கூட்டத்தில் தெரிவிக்கலாம்.