4 தாளில் 16 பக்கப் புத்தகம்!

பாட்டி பாடும் தாலாட்டு. அம்மா சொல்லும் கை வைத்தியம். தாத்தா நோட்டில் எழுதி வைத்த குலதெய்வப் பாட்டு.

இவற்றை யார் புத்தகமாகப் போடுவார்கள்?

ஆப்செட் அச்சகத்தில் போய், "பத்துப் பிரதி போதும்" என்று கேட்டுப் பாருங்கள். தயங்குவார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. பத்துப் பிரதி என்றாலும் ஆயிரம் பிரதி என்றாலும் பிளேட்டு போடும் செலவு ஒன்றுதான்.

கவலை வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் சின்னப் பிரிண்டரும் இருந்தால், நீங்களே போடலாம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் என்று அச்சடித்தால், 16 பக்கத்துக்கு 16 தாள் வேண்டும். புத்தகமாக மடித்தால் 4 தாள் போதும். பத்துப் பிரதிக்கு 160 தாள் எங்கே? 40 தாள் எங்கே?

17 வரும் கணக்கு

'ஏ4' தாளை நடுவில் மடித்தால், முன்புறம் 2 பக்கம், பின்புறம் 2 பக்கம். ஆக 4 பக்கம். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், 1-ம் பக்கத்துக்கு அருகில் எந்தப் பக்கத்தை அச்சடிப்பது?

2-ம் பக்கம் என்கிறீர்களா? அதுதான் இல்லை!

4 வெற்றுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடியுங்கள். பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். இப்போது பிரித்துப் பாருங்கள்.

வெளித்தாளில் 1-க்கு அருகே 16 இருக்கும்! அதன் பின்புறம் 2-ம் 15-ம் இருக்கும். அடுத்த தாளில் 3-ம் 14-ம், பின்னால் 4-ம் 13-ம். நட்டநடுவில் மட்டும்தான் 8-ம் 9-ம் அடுத்தடுத்து வரும்.

எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17!

ஈய எழுத்துக் காலத்திலும் இதே போன்ற கணக்கு உண்டு. ஒரு பெரிய தாளில் இப்படிச் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்களை 'பாரம்' என்பார்கள். அன்று அச்சுக்கூடத்து ஆள் மனதில் வைத்திருந்த கணக்கை, இன்று கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது.

'லிப்ரே ஆபீஸ் ரைட்டர்' இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'பிரிண்ட்' கொடுக்கும்போது 'புரோஷர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாப்ட் 'வேர்டு' என்றால், பக்க அமைப்பில் 'புக் போல்டு' என்று இருக்கும்.

மொத்தப் பக்கம் 4-ஆல் வகுபட வேண்டும். 13 பக்கம் எழுதினால், 3 பக்கம் வெறுமையாக நிற்கும். பாட்டியின் படத்தைப் போடுங்களேன்!

தலைகீழாக வருகிறதா?

இருபுறமும் அச்சடிக்கும் பிரிண்டரில், தாளைக் குறுகிய ஓரமாகத் திருப்பும்படி சொல்ல வேண்டும். அதாவது 'ஷார்ட் எட்ஜ்'. இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

ஒருபுறம் மட்டும் அச்சடிக்கும் பிரிண்டரா? முன்பக்கங்களை முதலில் அடித்துவிட்டு, தாளைத் திரும்ப வைத்துப் பின்பக்கங்களை அடியுங்கள். முதலில் ஒரே தாளில் சோதித்துப் பாருங்கள். பத்துப் பிரதியும் வீணானால் யாருக்கு நஷ்டம்?

இன்னொரு ஆபத்து, எழுத்தின் அளவு. 'ஏ4' பக்கத்தில் 12 அளவு எழுத்தில் அடித்ததைப் பாதியாகச் சுருக்கினால், எட்டரை அளவுக்கு இறங்கிவிடும். பாட்டியின் பாட்டைப் பாட்டியாலேயே படிக்க முடியாது! ஆகவே, முதலிலேயே 'ஏ5' பக்கம் வைத்து, 14 அளவில் அடியுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதானால், 'பி.டி.எப்.' ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். உங்கள் தமிழ் எழுத்து கடைக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், கட்டம் கட்டமாக வந்து நிற்கும். கடைக்காரரிடம் "புக்லெட்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

ஊசி நூல் போதும்

சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடுவுக்கு எட்டாது. கோணி ஊசியால் மடிப்பில் 3 துளை போடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே நூலை வெளியே இழுங்கள். மேல்துளை வழியே உள்ளே விடுங்கள். உள்ளேயே நேராக இறக்கிக் கீழ்த்துளை வழியே வெளியே எடுங்கள். மறுபடி நடுத்துளை வழியே உள்ளே வந்து, நீள நூலுக்கு இருபுறமும் நுனிகளை வைத்து முடிச்சுப் போடுங்கள்.

பெரிய புத்தகம், 64 பக்கம் என்றால், 16 தாளையும் ஒன்றாக மடிக்காதீர்கள். உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நாலு நாலு தாளாகப் பிரித்து மடித்துத் தையுங்கள்.

சமையல் குறிப்பு என்றால் எண்ணெய்க் கை படும். அட்டைக்கு மட்டும் கெட்டித் தாளாக வாங்குங்கள்.