விசிறியில் ஒளிந்திருக்கும் மின்நிலையம்

தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. கோடை வந்தால் பேச்செல்லாம் ஏ.சி.யைப் பற்றித்தான். ஆனால் ஏ.சி. இல்லாத வீடுகளே இங்கே அதிகம். மின்விசிறி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சூரிய மின்சாரம் துளியும் கிடைக்காத இரவில்தான் அது விடிய விடிய ஓடுகிறது. மின்சிக்கனம் என்றதும் ‘ஆள் இல்லாத அறையில் ஸ்விட்சை அணையுங்கள்’ என்ற அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆள் இருக்கும்போதே ஓடும் கருவி எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கான விடை வீட்டாரின் ஒழுக்கத்தில் இல்லை. நல்ல கருவியை மலிவாக வீடுதோறும் சேர்க்கும் அரசின் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

சாதாரண சீலிங் ஃபேனின் மூடியைக் கழற்றினால் நடுவில் அசையாமல் நிற்கும் செம்புக் காயில் தெரியும். அதைச் சுற்றி வெளிக்கூடு சுழலும். காயிலில் பாயும் மின்சாரம் அந்தக் கூட்டிலும் மின்னோட்டத்தைத் தூண்டிக் காந்தமாக்கினால்தான் ஃபேன் சுற்றும். இந்த மின்சாரத்தில் கணிசமான பகுதி வெறும் சூடாக வீணாகிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை ஃபேனில் நிரந்தரக் காந்தங்களே கூட்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சிறிய எலெக்ட்ரானிக் போர்டு காயில்களுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புகிறது. அதே காற்றுக்குச் சாதாரண ஃபேன் 75 வாட் கேட்டால் இது சுமார் 30 வாட்டில் முடித்துவிடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் அது 96 யூனிட். ஒரே நேரத்தில் ஓடும் ஒரு கோடி ஃபேன்களை மாற்றினால் 450 மெகாவாட் மிச்சம். ஒரு நடுத்தர அனல்மின் அலகையே கட்டாமல் தவிர்க்கலாம்.

இவ்வளவு லாபம் என்றால் மக்களே ஏன் வாங்கவில்லை? விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல் என்பது ஒரு காரணம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை ஆண்டுக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். ஆனாலும் கையில் இப்போது இல்லாத காசை எதிர்கால லாபம் ஈடுகட்டாது. இன்னொரு காரணம், ஃபேனைத் தேர்வு செய்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்பது. வீட்டு உரிமையாளரும் அடுக்குமாடி கட்டுபவரும் மலிவானதை மாட்டுகிறார்கள்; குடியிருப்பவர் ஆண்டுக்கணக்கில் அதற்குப் பணம் கட்டுகிறார். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதை அது சொல்கிறது. ஆனால் கடைக்கே போகாத வாடகைக்காரருக்கு அந்த அட்டையால் என்ன பயன்?

எல்.இ.டி. பல்பின் கதை இதற்கு வழி காட்டுகிறது. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இ.இ.எஸ்.எல்., 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காகப் பல்புகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 300 ரூபாய்க்கு மேலிருந்த கொள்முதல் விலை சில ஆண்டுகளில் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. ஒரு கோடி ஃபேன்களுக்கான திட்டத்தையும் அதே நிறுவனம் 2023இல் அறிவித்தது. மிக்ஸி, கிரைண்டரோடு ஃபேனையும் வீடு வீடாகக் கொடுத்த அனுபவம் 2011 முதலே தமிழ்நாட்டுக்கு உண்டு. கொடுக்கத் தெரிந்த அரசு, எதைக் கொடுப்பது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

முதல் 100 யூனிட்தான் இலவசமாயிற்றே, மக்களுக்கு இதில் என்ன அக்கறை இருக்கும் என்று கேட்கலாம். பில்லில் குறைவது இலவச யூனிட் அல்ல. உச்சப் படிநிலையின் விலை கூடிய யூனிட்தான் முதலில் குறையும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடு 101 முதல் 200 வரையிலான சலுகை விலையையும் இழக்கிறது. ஆகவே விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு இரண்டு ஃபேன்கள் பெரிய வித்தியாசம். 100 யூனிட்டுக்குள் வாழும் ஏழை வீட்டுக்கு லாபம் இல்லைதான். ஆனால் அந்த மின்சாரத்துக்கான பணத்தைத் தருவது அரசு. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் மானியச் செலவைக் குறைக்கும் என்பதால், அந்த வீடுகளுக்கு ஃபேன் வாங்கித் தருவது அரசுக்கே லாபம்.

வலுவான ஆட்சேபம் ரிப்பேர் பற்றியது. சாதாரண ஃபேன் நின்றால் தெருமுனை வைண்டிங் கடையில் கண்டன்சர் மாற்றுவார்கள், காயில் கட்டித் தருவார்கள். பி.எல்.டி.சி. போர்டு போனால் அந்தக் கடைக்காரருக்கு வேலையும் இல்லை, உதிரிபாகமும் இல்லை. இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆகவே எத்தனை ஃபேன் என்பதோடு டெண்டர் நின்றுவிடக் கூடாது. நீண்ட கால வாரன்டி, மாடலுக்கு மாடல் மாறாத போர்டு, வெளிக்கடைகளுக்கும் உதிரிபாகம் ஆகியவற்றை அது நிபந்தனையாக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் வைண்டிங் தொழிலாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் தேவை. அவர்களை ஒதுக்கிவிட்டு நடக்கும் எந்தத் திட்டமும் மூன்றாம் ஆண்டில் பரண் ஏறும்.

பில் குறைந்தால் ஃபேனைக் கூடுதல் நேரம் ஓட விடுவார்கள் என்பதும் ஓரளவு உண்மைதான். ஓடட்டும், வெக்கையில் குழந்தையும் முதியவரும் நிம்மதியாகத் தூங்குவது வீண்செலவு ஆகாது. பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் அதே சுகத்தைத் தர முடியும்போது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஏழைகளிடம் சொல்வது நியாயமில்லை. அரசு விடுதிகளிலும் குடும்ப அட்டைதாரர்களின் வீடுகளிலும் இந்த மாற்றம் உடனே தொடங்க வேண்டும்.