எல்.ஐ.சி. கட்டடத்தை முடிச்சது யாரு?

ஜோலார்பேட்டையில ரயில் ஏறி சென்னை போற நமக்கு அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் தெரியும். 177 அடி உயரம். அதை முடிச்ச நிறுவனம்?

1932-ல் எல்.எம்.சித்தளே சென்னையில் தொடங்கிய 'சித்தளே அண்ட் சன்'.

1953-ல் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆரம்பிச்ச வேலை அது. டிசைன் பண்ணவங்க பிரவுன், மௌலின். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமாக, கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் ஆர்க்கிடெக்டுகளும் விலகிட்டாங்க. பாதியில கைமாறின வேலையை சித்தளே எடுத்து முடிச்சார். 1959-ல் திறப்பு விழா. 1975-ல் பெரிய தீ விபத்து. அப்பவும் கட்டடம் விழல.

ப்ராஜெக்ட்ல புது டிசைன் போடத்தான் நமக்கு ஆசை. வேலைக்குப் போனா கைக்கு வர்றது பெரும்பாலும் வேற யாரோ போட்ட டிராயிங்தான். அதைப் படிக்கவும் கத்துக்கணும்.