வளைந்து கொடுக்கும் கோல்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசாகப்பட்டினத்துக் கடற்கரைக் கற்களின் மேல் நின்று, என் வங்காள நண்பரின் தூண்டிற்கோலை இரண்டாக ஒடித்துவிட்டேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அவர் ஆசையாக வாங்கிய கோல் அது. "கடலோரத்தில் பிறந்தவனுக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா?" என்று வீரம் பேசி வாங்கினேன். நல்ல பாரை மீன் ஒன்று மாட்டியது. சில நிமிடங்களில் கோல் ஒடிந்தது, நரம்பும் அறுந்தது.

நண்பர் கோலுக்காக வருந்தவில்லை. "வாயில் முள்ளோடும் பின்னால் நீள நரம்போடும் போகிறதே அந்த மீன்!" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. கோல் ஏன் ஒடிந்தது என்று தேடிப் படித்தேன். மாலைதோறும் கடற்கரைக்குச் செல்லும் நம் மாணவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கோல் என்பது மீனைத் தூக்கும் கருவி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். குளத்துக் கெண்டைக்கு அது சரி, கடல் மீனுக்கு அன்று. மீன் திமிறும்போது வில்லைப்போல் வளைந்து அந்த அதிர்ச்சியை ஏற்று, நரம்பு அறாமல் காப்பதே கடற்கோலின் வேலை. அதற்குத் துணை, ரீலில் உள்ள 'டிராக்' என்னும் பிடி. நரம்பு 10 கிலோ தாங்குமானால், ஏறக்குறைய 3 கிலோ இழுப்பிலேயே ரீல் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்குமாறு பிடியை அமைக்க வேண்டும். நானோ அதை முழுவதும் இறுக்கிவிட்டேன். அதோடு நில்லாமல், கோலைச் செங்குத்துக்கு அப்பாலும் பின்னால் சாய்த்தேன். சற்றே சாய்வாக முன்னோக்கிப் பிடித்தால் பாரம் தடித்த அடிப்பகுதிக்கு இறங்கும். பின்னால் சாய்த்தால் பாரமெல்லாம் மெல்லிய நுனியிலேயே தங்கும். ஒடியாமல் என்ன செய்யும்?

கரையிலிருந்து அலைகளைத் தாண்டி எறிய 10 முதல் 14 அடிக் கோல் வேண்டும். படகிலோ 5 முதல் 7 அடி போதும். கோல் நீளநீள, நெம்புகோல் விதிப்படி நம் கைக்கே பளு மிகும் அன்றோ? 19-ஆம் நூற்றாண்டில் 'கல்கத்தா மூங்கில்' நம் நாட்டிலிருந்து சென்று மேல்நாடுகளில் தூண்டிற்கோலாயிற்று. 1940-களில் கண்ணாடி இழையும், 1970-களில் கரி இழையும் வந்தன. கரி இழைக் கோல் மிக இலேசானது. ஆனால் மின்சாரம் அதில் பாயும். ஆகையால் இடி மின்னலின்போது கோலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குவதே அறிவுடைமை. வீடு திரும்பியதும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

1953-இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்பிரட் கிளாசல் என்பவர் 1,560 பவுண்டு, அதாவது 700 கிலோவுக்கும் மேற்பட்ட கருப்பு மார்லின் மீனைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அந்த எடையைத் தூக்கவல்ல நரம்பு அவரிடம் இல்லை. விட்டும் வாங்கியுமே வென்றார்.

இதையெல்லாம் தொலைபேசியில் அப்பாவிடம் விளக்கினேன். தூத்துக்குடிப் பக்கம் கைத்தூண்டில் போடுகிறவர் அவர். "அது ஓடினா விடணும், நின்னா வாங்கணும். விரலுக்குத் தெரியும்லா?" என்று சிரித்தார். அவருக்கு விரலே டிராக், கையே கோல்! பிறகு, "திங்காத மீனை எதுக்குடா பிடிக்கிறீங்க?" என்றார். விடை சொல்ல நாணினேன்.

பிழைப்புக்குப் பிடிப்பவர் மீனை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் நமக்கு வேறொரு கடமை உண்டு: உண்ணாத மீனை உயிரோடு விடுதல். முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் அழுத்தி மழுக்கிவிட்டால், வாயிலிருந்து எளிதில் கழற்றலாம். மீனை ஈரக்கையால் தொடவேண்டும். மிக மெல்லிய நரம்பைக் கட்டி நெடுநேரம் அலைக்கழிப்பது வீரமாகாது. களைத்த மீன், விட்ட பின்னும் சாகக்கூடும்.

கோலின் விலையை மூன்று தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டேன். இரண்டு தீர்ந்தன. மூன்றாவது தீருமுன்பே நண்பர் தம் புதுக்கோலை என் கையில் கொடுத்துவிட்டார். விரும்பும் நண்பர்கள் ஞாயிறு காலையில் எங்களுடன் வரலாம். பிடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள்!