ஓட்டு இல்லை, தேர்வு உண்டு: தாராவிப் பிள்ளை நீதிபதி ஆகும் வழி

மாநகராட்சி உறுப்பினர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவரையும் மும்பைத் தமிழர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் வாடகைத் தகராற்றையும் அடிதடி வழக்கையும் விசாரிக்கும் நீதிபதி மட்டும் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதி பதவிக்கே தேர்தல் உண்டு. இந்தியாவிலும் பீகாரில் கிராம கச்சேரி என்னும் ஊர் நீதிமன்றத்தின் தலைவரான சர்பஞ்சை ஊர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் அபராதம் விதிக்கலாம். ஆனால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது.

ஏன் தேர்தல் இல்லை?

ஆயிரம் ஓட்டுகளைக் கையில் வைத்திருக்கும் கட்டட உரிமையாளரும், ஒரே ஓட்டு உள்ள குடித்தனக்காரரும் நீதிபதி முன்னால் சமமாக நிற்க வேண்டும். நீதிபதி யாருடைய ஓட்டுக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது. அதனால்தான் கீழமை நீதிபதிகளை உயர் நீதிமன்றத்துடனும் மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையத்துடனும் கலந்தாலோசித்து வகுத்த விதிகளின்படி ஆளுநர் நியமிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 234ஆவது பிரிவு. அவர்களுடைய இடமாற்றமும் பதவி உயர்வும் 235ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கின்றன.

படிகள் என்ன?

முதலில் சட்டப் பட்டம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாண்டு, அல்லது வேறொரு பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு. மாட்டுங்காவில் நியூ லா காலேஜும் செம்பூரில் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. பிறகு பார் கவுன்சிலில் பதிவு. குறைந்தது மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கொண்டுவந்தது.

அடுத்தது மகாராஷ்டிர அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் ஆகிய மூன்று கட்டங்களையும் தாண்டினால் இளநிலை உரிமையியல் நீதிபதி, முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் பதவி கிடைக்கும். அங்கிருந்து முதுநிலை நீதிபதி, பின்னர் மாவட்ட நீதிபதி. ஏழாண்டு அனுபவமுள்ள வக்கீல்கள் தேர்வெழுதி நேரடியாகவே மாவட்ட நீதிபதியாகவும் வரலாம்.

இப்படி நேரடியாக வந்தவர்தான் ஆர். பானுமதி. 1981இல் தமிழ்நாட்டில் வக்கீலாகத் தொழில் தொடங்கிய அவர், 1988இல் மாவட்ட நீதிபதியானார். 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர்ந்தார். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஆறாவது பெண் நீதிபதி அவர். விசாரணை நீதிமன்றத்தில் தொடங்கினாலும் நாட்டின் உச்சி வரை போகலாம் என்பதற்கு அவரே சான்று.

மராத்தி என்னும் சாவி

மகாராஷ்டிர நீதிபதிக்கு மராத்தி பேச, படிக்க, எழுதத் தெரிய வேண்டும். ஆங்கிலத்துக்கும் மராத்திக்கும் இடையே மொழிபெயர்க்கவும் வர வேண்டும். நம் பிள்ளைகள் தெருவிலேயே மராத்தி பேசி வளர்கிறார்கள். ஆனால் சாட்சியத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெருப் பேச்சு போதாது. பள்ளியில் மராத்தியைத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க விடாமல், நன்றாக எழுதவும் பழக்குங்கள். தமிழ் வீட்டில் வளரட்டும், மராத்தி எழுத்தில் வளரட்டும். காசும் சிபாரிசும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் நீதிபதி நாற்காலி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.