டான் முதல் பில்லா வரை: ரீமேக்கையே தொழிலாக்கி ஜெயித்த நடிகர் கே.பாலாஜி

‘பில்லா’ன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வர்றாங்க? கோட், கூலிங் கிளாஸோட நடந்து வர்ற அஜித்தா, 1980-ல் வந்த ரஜினியா? யாரைச் சொன்னாலும் சரி, அந்தக் கதையைத் தமிழுக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் ஒரு நடிகர். பெயர் கே.பாலாஜி.

60-களின் சிவாஜி படங்களைப் பார்ப்பவர்களுக்கு அவர் முகம் பரிச்சயம்தான். ‘படித்தால் மட்டும் போதுமா’வில் (1962) படிக்காத சிவாஜிக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யும் படித்தவர் இவர்தான். இரண்டாவது ஹீரோ, வில்லன், போலீஸ் அதிகாரி என்று நடித்துக்கொண்டே இருந்தார். பெரிய ஸ்டார் ஆகவில்லை. ஆனால் தயாரிப்பாளராக அவர் எடுத்த படங்களில் சிவாஜி, ரஜினி, கமல் மூவருமே ஹீரோக்கள்.

ஃபார்முலா என்ன?

சிம்பிள். வேறு மொழியில் ஓடிய படத்தின் உரிமையை வாங்கு, தமிழில் எடு. ‘ஜானி மேரா நாம்’ 1972-ல் ‘ராஜா’ ஆனது. ‘அமானுஷ்’ 1978-ல் ‘தியாகம்’. தெலுங்கு ‘பிரேமாபிஷேகம்’ கமலின் ‘வாழ்வே மாயம்’. ‘குர்பானி’ 1986-ல் ‘விடுதலை’ (வெற்றிமாறன் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!).

‘ரெடிமேட் கதைதானே, இதில் என்ன திறமை?’ன்னு கேட்கலாம். ஹிட் படம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அது இங்கே எந்த ஹீரோவுக்குப் பொருந்தும் என்பதில்தான் தயாரிப்பாளரின் பணம் மாட்டியிருக்கு. ‘துஷ்மன்’ கதையைப் பாருங்க. விபத்தில் ஒருவரைக் கொன்ற லாரி டிரைவர், செத்தவரின் குடும்பத்தையே காப்பாற்ற வேண்டும் என்று கோர்ட் தீர்ப்பு. குற்ற உணர்ச்சி, அழுகை, பாசம் எல்லாம் உள்ள வேடம். இதை சிவாஜிக்குன்னு தேர்ந்தெடுத்து 1972-ல் ‘நீதி’ எடுத்தார் பாலாஜி.

‘பில்லா’ இன்னும் பெரிய ரிஸ்க். 1979-ல் ஓய்வில்லாமல் நடித்ததில் ரஜினியின் உடல்நலம் பாதிக்கப்பட்டது. இனி அவ்வளவுதான் என்றுகூட கோடம்பாக்கத்தில் பேச்சு. அந்தச் சூழலில் இரட்டை வேடம், ஆக்‌ஷன், ஸ்டைல் என்று முழுக்க ஹீரோவை மட்டுமே நம்பிய கதை அது. 1978-ல் வந்த ‘டான்’, இரண்டு வருஷத்துக்குள் 1980 ஜனவரியில் ‘பில்லா’வாக ரிலீஸ் ஆகி பெரிய ஹிட். ரஜினியைப் பற்றிய பேச்சும் அடங்கியது.

அதில் டி.எஸ்.பி. வேடத்தில் நடித்தவரும் பாலாஜிதான். செத்துப்போன டானுக்குப் பதில் அதே முகம் கொண்ட ஒருவரைப் பயிற்சி கொடுத்து அனுப்பும் அதிகாரி. ரீமேக் தயாரிப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான ரோல் கிடைக்குமா என்ன!

இப்போ ஏன் இது எடுபடல?

‘ஷோலே’ மாதிரி இந்திப் படங்கள் சென்னையிலேயே நன்றாக ஓடியிருக்கு. ஆனால் சின்ன ஊர்களில் ஒரிஜினலைப் பார்க்க வழி குறைவு. பார்த்தாலும் மொழி புரியாது. அந்த இடைவெளிதான் பாலாஜியின் மார்க்கெட். இன்னிக்கு ஒரு மலையாளப் படம் ஹிட்டானால், சில வாரங்களில் சப்டைட்டிலோடு நம்ம போனுக்கே வந்துடுது. உரிமையை வாங்கி, கால்ஷீட் பிடித்து, ஷூட்டிங் முடிப்பதற்குள் ரசிகர் ஒரிஜினலைப் பார்த்து, மீமும் போட்டுவிடுகிறார்.

பாலாஜி 2009 மே மாதம் காலமானார். (மோகன்லாலின் மாமனார் இவர்தான் என்பது பலருக்கும் தெரியாத தகவல்.) அதற்கு முன்பே, 2007-ல், விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித்தின் ‘பில்லா’ வந்துவிட்டது. ரீமேக்குக்கே ரீமேக்! அதில் பாலாஜி செய்த போலீஸ் அதிகாரி வேடத்தில் நடித்தவர் பிரபு, சிவாஜியின் மகன்.