கொழுந்துக்குத் திறந்த எல்லை

2012ஆம் ஆண்டு இலங்கை ஈரானிடம் எண்ணெய் வாங்கியது. ஈரான் மீது அமெரிக்கா போட்டிருந்த தடையால் வங்கி வழிகள் அடைபட்டிருந்தன. காசு அனுப்ப முடியவில்லை. ஏறத்தாழ 25 கோடி டாலர் கடன் அப்படியே நின்றது. 2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஒரு வழி கண்டன. மாதம் 50 லட்சம் டாலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பது என்று முடிவாகி, 2023இல் அனுப்பவும் தொடங்கினார்கள்.

ஈரான், ஈராக், துருக்கி போன்ற நாடுகளில் தாழ்நிலத் தேயிலைக்கு நல்ல கிராக்கி. கறுத்து முறுகிய இலை, அடர்ந்த சாயம். அது விளைவது பெரும்பாலும் சப்ரகமுவையிலும் தென் மாகாணத்திலும்தான். இரத்தினபுரி மாவட்டத்து றக்வானையைச் சுற்றிய சரிவுகளில் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றுவிட்டு மலைக்கு ஏறும் பெண்ணுக்கு வாஷிங்டன் என்ன சட்டம் போட்டது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பறிக்கும் கொழுந்தின் விலையில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

சமூகவியலாளர் அந்தோனி கிடன்ஸ் 1990இல் உலகமயமாதலை விளக்கியது ஏறக்குறைய இப்படித்தான். எங்கோ நடப்பது இங்கே வாழ்க்கையை உருமாற்றுகிறது. இங்கே நடப்பது எங்கோ போய்த் தாக்குகிறது. தூரம் இருக்கிறது, ஆனால் உறவுக்குத் தடையாக இல்லை. இதே காலத்தில் புவியியலாளர் டேவிட் ஹார்வி, முதலாளித்துவத்தின் அவசரத்தில் காலமும் இடமும் சுருங்கிப்போவதைப் பற்றி எழுதினார். கப்பல், தந்தி, விமானம், கைபேசி என்று ஒவ்வொன்றும் உலகத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கின.

கைபேசி வந்த பிறகுதான் உலகமயமாதல் வந்தது என்று நினைப்பவர்கள் றக்வானைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். இன்றைய றக்வானைத் தோட்டப்புறம் உலகச் சந்தை உண்டாக்கியது. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் ஒரு பூஞ்சை நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தது. நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்புதான் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். செடி சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தது, முதலும் ருசியும் லண்டனிலிருந்து வந்தன. ஆட்களோ திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து ஆள்கட்டும் கங்காணிகளின் முன்பணக் கடனோடு வந்தார்கள்.

இதைப் பார்க்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் 1974இல் ஒரு கண்ணாடி கொடுத்தார். உலகம் தனித்தனி நாடுகளின் கூட்டமல்ல, ஒரே பொருளாதார அமைப்பு என்றார் அவர். அதன் மையத்தில் உள்ளவர்கள் லாபம் தரும் வேலைகளை வைத்துக்கொள்கிறார்கள். விளிம்பில் உள்ளவர்கள் மலிவு உழைப்பையும் மூலப்பொருளையும் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே அரைவிளிம்பு. இலங்கைப் பொருளியலாளர் எஸ்.பி.டி. டி சில்வா 1982இல் வெளிவந்த தம் நூலில், தோட்டங்களை நவீன முதலாளித்துவத்தின் முன்னோடி என்று நம்பியவர்களை மறுத்தார். மலிவுக் கூலி கிடைக்கும்வரை புதிய தொழில்நுட்பத்தைத் தேட வேண்டிய அவசியம் தோட்டத்துக்கு இல்லை என்பது அவர் வாதம். தொழிலாளர் வாழும் லயத்தையும் கொழுந்துக் கூடையையும் பார்த்தால் அதை மறுப்பது கடினம்.

இருந்தாலும் விளிம்பு எப்போதும் விளிம்பாகவே இருப்பதில்லை. இரத்தினபுரியில் ஒரு காலத்தில் ‘கெவுட’ என்று ஒதுக்கப்பட்ட பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிப் போய், சூடேற்றி, நீலக்கல்லாக விற்றார்கள். 1998இல் மடகஸ்காரின் இலாகாகாவில் நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டதும் இலங்கை வியாபாரிகள் அங்கே கடை போட்டார்கள். இங்கே ஏமாந்தவன் அங்கே வாங்குபவன். மாணிக்க வியாபாரிக்கு உள்ள இந்த நெகிழ்ச்சி தேயிலைத் தோட்டத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இங்கேதான் சமூகவியலாளர் சிக்மண்ட் பௌமன் வருகிறார். நகரும் சுதந்திரம்தான் இக்காலத்தின் பெரிய ஏற்றத்தாழ்வு என்று 1998இல் எழுதினார் அவர். சிலர் விரும்பியபடி உலகம் சுற்றுகிறார்கள். சிலர் துரத்தப்பட்டு அலைகிறார்கள், அல்லது கட்டிப்போடப்படுகிறார்கள். தோட்டங்களுக்கு அப்படி வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் வரலாறு இதற்கு எழுதிவைத்த உதாரணம். துண்டு முறையில் கடன் தீர்ந்ததற்கான சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. அது 1921இல்தான் ஒழிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. போனவர்களில் பலர் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்தெடுத்தார்கள். இங்கேயே இருந்தவர்களில் பலர் 1977, 1981 கலவரங்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் ஓடினார்கள். எஞ்சிய நாடற்றவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அந்த 55 வருடத்தில் அவர்கள் பறித்த தேயிலையை எந்த எல்லையிலும் யாரும் ‘நீ எந்த நாடு’ என்று கேட்கவில்லை.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1990இல் சொன்னதும் இதோடு சேரும். மனிதர், பணம், தொழில்நுட்பம், காட்சிகள், கருத்துகள் ஆகிய ஐந்தும் ஒரே திசையிலோ ஒரே வேகத்திலோ ஓடுவதில்லை. தோட்டச் சம்பளத்திலேயே இதைப் பார்க்கலாம். 2021இல் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அன்றைய மாற்று விலையில் அது சுமார் 5 டாலர். 2022 நெருக்கடியில் டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே போனது. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை டாலரோடு சேர்ந்து ஏறியது, சம்பளம் ஏறவில்லை. போதாததற்கு 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் அடுத்த வருடம் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. கொழுந்து குறைந்து நாளுக்குரிய நிறுவை எட்டாதபோது கணக்கில் விழுவது அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

மலையகம் என்றால் பலருக்கு ஹட்டனும் நுவரெலியாவுமே நினைவுக்கு வருகின்றன. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவைத் தோட்டங்கள் ஆய்வாளர் கண்ணில் அதிகம் படவில்லை. இதே மாவட்டத்தில், பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சமூக விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். அங்கே வாலர்ஸ்டைனையும் பௌமனையும் படிக்கும் மாணவர்கள், ஆய்வுக்கு ஊர் தேடும்போது முதலில் றக்வானைக்கு பஸ் ஏறட்டும்.